டமாஸ்கஸ் கத்தி அலகில் அடுக்குகள் பளிச்செனத் தெரிய அரிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இரண்டு வகை எஃகை அடுக்கி, உலையில் ஒன்றாகப் பற்றவைத்து, மடித்தும் முறுக்கியும் அடித்தெடுத்த டமாஸ்கஸ் அலகில் கோலம் மங்கலாகத் தெரிந்தால், பெரும்பாலானோர் முதலில் அமிலத்தைக் குறை சொல்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த், டொங்காட் பகுதிகளில் வீட்டுக் கராஜிலேயே கத்தி செய்யத் தொடங்கிய பலரின் அலகுகளைப் பார்த்த அளவில், கோளாறு அமிலத் தொட்டிக்கு வருவதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது. ஆகவே இந்த வழிகாட்டி அரிப்பதற்கு முந்தைய வேலைகளுக்கே அதிக இடம் தருகிறது. படிகளின் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

இங்கே சொல்லப்படுவது கார்பன் எஃகு டமாஸ்கஸுக்கு மட்டுமே பொருந்தும். துருப்பிடிக்காத எஃகு அடுக்குகளுக்கு முறை வேறு.

1. எஃகு இணை சரியானதா என்று முதலில் பாருங்கள்

ஒரு எஃகு கறுக்க வேண்டும், மற்றொன்று வெளுப்பாகவே நிற்க வேண்டும். வெளுப்பாக நிற்கச் செய்வது நிக்கல். 15என்20 எஃகில் ஏறத்தாழ 2 சதவீதம் நிக்கல் இருப்பதால், அரிக்கும் கரைசல் அதை மெதுவாகவே தின்கிறது. அதன் பளபளப்பும் பெரிதும் குறைவதில்லை. 1084 போன்ற எளிய கார்பன் எஃகில் நிக்கல் இல்லை, மாங்கனீசு உண்டு. அது விரைவாக அரிக்கப்பட்டுக் கறுக்கிறது. ஏறத்தாழ 2 சதவீதம் மாங்கனீசு கொண்ட போலர் கே720 இன்னும் ஆழமாகக் கறுக்கும்.

1084உம் 1095உம் சேர்த்து அடித்தவர்கள் எந்தக் கரைசலைப் பயன்படுத்தினாலும் பெரிய வேறுபாட்டை எதிர்பார்க்க முடியாது, ஏனெனில் இரண்டுமே கறுக்கும் இனம். அந்த அலகை அப்படியே ஏற்றுக்கொண்டு, அடுத்த கட்டையில் (அடுக்கிப் பற்றவைக்கும் எஃகுக் கட்டியில்) நிக்கல் எஃகைச் சேர்ப்பதே வழி.

மர அறுவை ஆலைகளில் கழித்துப் போட்ட அகன்ற பேண்ட்சா (பட்டை ரம்ப) அலகுகளைச் சிலர் நிக்கல் எஃகு என்று நம்பி வாங்குகிறார்கள். சில அப்படித்தான் இருக்கும்; சில வெறும் கார்பன் எஃகாக இருக்கும். ஒரு சிறு துண்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து, 1084 துண்டு ஒன்றுடன் சேர்த்து 5 நிமிடம் கரைசலில் வைத்துப் பாருங்கள். வெளுப்பாக வெளியே வந்தால் மட்டுமே கட்டையில் சேருங்கள். கட்டையை அடித்து முடித்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது மிகவும் வீணான உழைப்பு.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

ஃபெரிக் குளோரைடு கரைசல் (எஃகை அரிப்பது இதுதான்), காய்ச்சி வடித்த நீர், சமையல் சோடா, அசிட்டோன், பாத்திரம் கழுவும் சோப்பு, நைட்ரைல் கையுறை, கண்கவசம், 220 முதல் 2000 கிரிட் வரையிலான தண்ணீர் உப்புத்தாள் (கிரிட் எண் கூடக் கூடத் தாள் நைசாகும்), நைலான் நூல், இரண்டு பிளாஸ்டிக் வாளி, சர்க்கரை சேராத உடனடிக் காபித்தூள், மினரல் எண்ணெய் ஆகியவை போதும்.

தொட்டிக்கு ஒரு முனையை மூடி ஒட்டிய பிவிசி குழாயைப் பயன்படுத்துங்கள். வேட்டைக் கத்திக்கு 50 மி.மீ. குழாய் போதும், அரை லிட்டர் கரைசலிலேயே நிரம்பிவிடும். அகன்ற சமையல் கத்திக்கு 110 மி.மீ. குழாய் வேண்டும், அதற்கு 3 லிட்டர் அளவு கரைசல் பிடிக்கும். குழாய் தானாக நிற்காது; மரப்பலகையில் துளையிட்டு அதில் செருகி நிறுத்துங்கள்.

எவர்சில்வர் பாத்திரமும் அலுமினியப் பாத்திரமும் கூடவே கூடாது. ஃபெரிக் குளோரைடு எவர்சில்வரைக் குழி குழியாகத் தின்றுவிடும். அலுமினியத்துடன் சூடேறிப் பொங்கும். சமையலறைத் தொட்டியில் அலகைக் கழுவுவதற்கும் இதே காரணத்தால் தடை. தரையில் சிந்தினால் மஞ்சள் கறை சிமெண்டை விட்டுப் போகாது.

எலெக்ட்ரானிக்ஸ் வேலை செய்யும் நண்பரிடம் மீந்திருக்கும் பழைய கரைசலை வாங்கிக்கொள்வது பலருக்குச் சிக்கனமாகத் தோன்றுகிறது. செப்புத் தகடு அரித்த அந்தக் கரைசலில் செப்பு கரைந்திருக்கும். எஃகை உள்ளே விட்டதும் அந்தச் செப்பு அலகின் மேல் சிவந்த படலமாகப் படிந்துவிடும். புதுக் கரைசலையே வாங்குங்கள்.

3. அரிப்பதற்கு முன் முடிந்திருக்க வேண்டிய பட்டறை வேலை

அலகை எண்ணெயில் தோய்த்துக் கடினப்படுத்தி, பதமும் போட்டிருக்க வேண்டும். கடினப்படுத்தாத மென்மையான அலகில் இரண்டு எஃகும் சாம்பல் நிறத்துக்கே போகும், வேறுபாடு மங்கும். "கோலம் எப்படி வந்திருக்கிறது என்று பார்ப்போம்" என்று அவசரப்பட்டுக் கடினப்படுத்துவதற்கு முன் அரித்துப் பார்ப்பவர்கள், மங்கலைக் கண்டு மனம் தளர்ந்து கட்டையையே ஒதுக்கிவைத்ததைப் பார்த்திருக்கிறேன். வடிவத்தைப் பார்க்க மட்டும் அப்படிச் செய்யலாம். நிறத்தை அங்கே தீர்மானிக்கக் கூடாது.

உலைச்சூட்டில் அலகின் மேல்தோல் கார்பனை இழந்திருக்கும். அந்தத் தோல் கரைசலில் திட்டுத் திட்டாக வெளிறும். பதம் போட்ட பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் 0.1 முதல் 0.2 மி.மீ. வரை சாணையில் எடுத்துவிடுங்கள். அப்போது அலகு சூடேறாமல் அடிக்கடி தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். விளிம்பு நீலம் பாய்ந்தால் பதம் போய்விட்டது என்று பொருள்.

கத்தியின் வாயைக் கூராக்காமல் 0.3 மி.மீ. அளவு தடிமனோடு விட்டுவையுங்கள். கரைசல் இரு பக்கமிருந்தும் தின்பதால், கூரான வாய் ரம்பப் பல் போலக் கடிபடும். கூர் தீட்டுவது எல்லாம் முடிந்த பின்.

பித்தளை அல்லது செப்புக் காப்பை (கைப்பிடிக்கு முன் நிற்கும் உலோகத் தடுப்பை) அலகில் பொருத்திப் பற்றவைத்த பிறகு அரிக்க நினைப்பது பெருந்தவறு, ஏனெனில் ஃபெரிக் குளோரைடு செப்பைக் கரைப்பதற்கென்றே விற்கப்படும் பொருள். காப்பையும் கைப்பிடியையும் ஒருமுறை பொருத்தி அளவு பார்த்து, ஆணித் துளைகளையும் போட்டு, மீண்டும் கழற்றி வைத்துவிடுங்கள்.

அதே கட்டையில் வெட்டிய விரல் நீளத் துண்டு ஒன்றையும் அலகோடு சேர்த்துத் தோய்த்துப் பதம் போட்டு வையுங்கள். பின்வரும் ஒவ்வொரு படியையும் முதலில் அந்தத் துண்டில் சோதிக்க வேண்டும்.

4. உப்புத்தாள் வேலை

பொறுமை தேவைப்படும் இடம் இதுதான். கரைசல் கீறல்களை மறைப்பதில்லை. அவற்றை ஆழமாக்கிக் காட்டும். 120 கிரிட் பெல்ட் விட்டுச்சென்ற ஒரு குறுக்குக் கீறல் 800 கிரிட் பளபளப்பில் கண்ணுக்குத் தப்பிவிடும். கரைசலிலிருந்து வெளியே வந்ததும் கோலத்தை வெட்டிக்கொண்டு கறுப்புக் கோடாக நிற்கும்.

உப்புத்தாளைக் கையால் பிடித்துத் தேய்க்காமல், தட்டையான மரத் துண்டிலோ எஃகுப் பட்டையிலோ சுற்றிக்கொண்டு தேய்க்க வேண்டும். விரலின் மென்மை தாளைப் பள்ளங்களுக்குள் அழுத்தி, பரப்பை அலை அலையாக்கிவிடும். 220இல் தொடங்கி 320, 400, 600, 800 என்று போங்கள். ஒவ்வொரு கிரிட்டிலும் முந்தையதற்குச் சாய்வான திசையில் தேய்த்தால், பழைய கீறல் எது, புதுக் கீறல் எது என்று ஒரே பார்வையில் தெரியும். பழைய திசையில் ஒரு கோடு மிஞ்சியிருந்தாலும் அடுத்த தாளை எடுக்காதீர்கள்.

கடைசிக் கிரிட்டில் மட்டும் கைப்பிடிப் பக்கத்திலிருந்து நுனி வரை ஒரே நீட்டாக, ஒரே திசையில் இழுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் திரும்பும் இடங்களில் கொக்கிக் கீறல்கள் விழும். 800 கிரிட் போதுமானது. 2000 வரை கொண்டுபோவதால் அரிப்பின் பின் கூடுதல் பலன் எதுவும் எனக்குத் தெரிந்ததில்லை.

துணிச் சக்கரத்தில் மெருகு போட்டுவிட்டு அரிக்காதீர்கள். மெருகு மெழுகு எஃகின் நுண்கீறல்களுக்குள் புகுந்து, கரைசலைத் தடுத்துத் திட்டுகளை உண்டாக்கும்.

மின்வெட்டு நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. ஆனால் மெழுகுவத்தி வெளிச்சத்தில் கீறல் தெரியாது. சாய்வாகப் பிடிக்கும் டார்ச் ஒன்று அருகில் இருக்கட்டும்.

5. கரைசலைக் கலத்தல்

கடையில் கிடைக்கும் திரவம் பெரும்பாலும் 40 சதவீதத்தை ஒட்டிய செறிவில் இருக்கும். அதை அப்படியே பயன்படுத்துவதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பரவலான பிழை. செறிவான கரைசல் இரண்டு எஃகையும் ஒரே வேகத்தில் தாக்கிப் பரப்பைச் சொரசொரப்பாக்கிவிடும். நீர்த்த கரைசலில் நிக்கல் எஃகு தாக்குப்பிடிக்கிறது, மற்றது மட்டும் இறங்குகிறது.

1 பங்கு கரைசலுக்கு 4 பங்கு காய்ச்சி வடித்த நீர் என்று தொடங்குங்கள். முதலில் நீரை ஊற்றி, அதில் கரைசலை மெதுவாகச் சேர்க்க வேண்டும். கட்டியாகவோ தூளாகவோ வாங்கியிருந்தால் இது இன்னும் முக்கியம்: நீரைத் தூளின் மேல் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், காட்டமான புகையும் வரும். திறந்த வெளியில், கையுறையும் கண்கவசமும் அணிந்து கலக்குங்கள்.

வெப்பநிலை 20 முதல் 25 டிகிரி வரை இருந்தால் நல்லது. டர்பன் கோடையில் இதைப் பற்றிக் கவலையே வேண்டாம். நேரத்தை மட்டும் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். ஜோஹானஸ்பர்க் அருகே லெனேசியாவில் ஜூலை மாதக் காலைக் குளிரில் வேலை செய்பவர்கள், குழாயை வெந்நீர் வாளிக்குள் அரை மணி நேரம் நிறுத்தி, கரைசலின் குளிர் போன பிறகு தொடங்க வேண்டும். குளிர்ந்த கரைசலில் ஒன்றும் நடக்கவில்லையே என்று மேலும் மேலும் அமிலத்தைச் சேர்ப்பவர்கள், மதியம் வெயில் ஏறியதும் அலகைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

6. எண்ணெய்ப் பசையை நீக்குதல்

அசிட்டோனில் நனைத்த காகிதத் துணியால், காகிதத்தில் கறுப்பு ஒட்டாத வரை துடையுங்கள். பின் சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவுங்கள். அசிட்டோன் எண்ணெயைக் கரைக்கும், ஆனால் ஆறியதும் மெல்லிய படலமாக அதையே விட்டுவிட்டும் போகும். ஆகவே சோப்பு இரண்டாவதாக வர வேண்டும்.

சோதனை எளிது. அலகைக் குழாயடியில் காட்டி எடுத்துச் சாய்த்துப் பிடியுங்கள். நீர் முழுப் பரப்பிலும் ஒரே படலமாக நின்றால் சுத்தம். ஓரிடத்தில் நீர் விலகி முத்து முத்தாகத் திரண்டால், அங்கே பசை இருக்கிறது, மீண்டும் கழுவுங்கள்.

இதன்பின் வெறுங்கையால் தொடக் கூடாது. கைப்பிடிக்கு அருகே கட்டை விரலால் ஒருமுறை பிடித்துவிட்டுக் கரைசலில் முக்கியெடுத்த ஓர் அலகில், மங்கிய கோலத்தின் நடுவே அந்த விரலின் ரேகைச் சுழி வட்டம் வட்டமாக, எண்ணிப் பார்க்கக்கூடிய தெளிவோடு பதிந்திருந்தது. அதை எடுக்க 400 கிரிட் வரை திரும்பிப்போக வேண்டியிருந்தது.

அரிக்க வேண்டாத பகுதி இருந்தால், இப்போது நகப்பூச்சைத் தடவிக் காயவிடுங்கள்.

7. முக்குதல்

ஆணித் துளையில் நைலான் நூலைக் கோத்து, நுனி கீழே இருக்குமாறு தொங்கவிடுங்கள். அலகு குழாயின் சுவரைத் தொடக் கூடாது. தொட்ட இடம் அரிக்கப்படாமல் தழும்பாக நிற்கும். அரிக்க வேண்டிய பகுதி முழுவதும் மூழ்கியிருக்க வேண்டும். பாதி மூழ்கினால் திரவ மட்டம் நிற்கும் இடத்தில் ஆழமான கோடு விழும்.

முதல் முக்கு 3 நிமிடம். வெளியே எடுத்ததும் அலகு முழுவதும் கரி பூசினாற்போல இருக்கும், புதியவர் திகைத்துப்போவார். அந்தக் கரி, இரும்பு கரைந்தபின் தங்கிய கார்பனும் தளர்ந்த துகளும்தான். வாளி நீரில் அலசி, மென்மையான பல் துலக்கியால் லேசாகத் தேய்த்தால் கரி இறங்கி, கீழே கோலம் தெரியும். இந்த நேரத்தில் திட்டு எதுவும் தென்பட்டால் நிறுத்திவிட்டு ஆறாம் படிக்குத் திரும்புங்கள். ஆழம் போகாததால் இப்போது சரிசெய்வது எளிது.

திட்டு இல்லையென்றால், 5 முதல் 10 நிமிடம் வரையிலான முக்குகளாக மூன்று நான்கு முறை செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் அலசித் தேய்க்க வேண்டும், ஏனெனில் கரிப்படலம் தடித்தால் கரைசல் உலோகத்தை ஒரே சீராக எட்டாது. ஒரே மூச்சில் அரை மணி நேரம் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போவதும், இப்படிப் பிரித்துச் செய்வதும் ஒன்றல்ல. முக்கும்போதும் ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை நூலை மெல்ல ஆட்டி, ஒட்டிய குமிழிகளை விலக்குங்கள்.

இடையில் அலசுவதற்கு வெறும் நீர் மட்டுமே. சோடா நீரில் அலசிவிட்டுத் திரும்ப முக்கினால், ஒட்டிவரும் சோடா கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுவிடும்.

எப்போது நிறுத்துவது? அலகைத் துடைத்து, நகத்தை அடுக்குகளுக்குக் குறுக்கே மெல்ல இழுத்துப் பாருங்கள். படிப்படியாக இடறுவது தெரிந்தால் ஆழம் போதும். இடறலே இல்லாத ஆழமற்ற அரிப்பு, கண்ணுக்கு அழகாக இருந்தாலும், சில மாதச் சமையலறைப் பயன்பாட்டில் தேய்ந்து மறைந்துவிடும்.

8. அமிலத்தைச் செயலிழக்கச் செய்தல்

ஒரு லிட்டர் நீருக்கு 4 மேசைக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து, அதில் அலகை 15 நிமிடம் ஊறவிடுங்கள். லேசாக நுரைக்கும். ஆணித் துளைகளிலும் பதித்த முத்திரையின் பள்ளத்திலும் துலக்கியால் சோடா நீரைச் செலுத்துங்கள். அங்கே தங்கிய குளோரைடுதான் ஒரு வாரம் கழித்துக் கைப்பிடியின் ஓரத்தில் மஞ்சள் துருவாகக் கசியும்.

பின்னர் நிறைய நீரில் சோடாவையும் போக்குங்கள். அடுத்த படி அமிலத் தன்மையுள்ளது, சோடா மிஞ்சினால் அது வேலை செய்யாது.

9. காபியில் கறுக்கவிடுதல்

ஃபெரிக் குளோரைடு பள்ளத்தையும் மேட்டையும் உண்டாக்கும். அது தரும் நிறமோ சாம்பல் கலந்ததுதான், கையாளக் கையாள மங்கும். ஆழ்ந்த கறுப்பு வேண்டுமானால் காபி வேண்டும். காபியின் மென்மையான அமிலங்கள் நிக்கல் இல்லாத எஃகின் மேல் உறுதியான கருந்தோலை வளர்க்கின்றன, நிக்கல் எஃகைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

ஒரு லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம் உடனடிக் காபித்தூள் என்று கலந்து, ஆறவிட்டு, அலகை முழுவதும் மூழ்கத் தொங்கவிடுங்கள். மலிவான தூளே போதும், ஆனால் முழுக் காபியாக இருக்கட்டும். நம் வீடுகளில் பரவலாக இருக்கும் சிக்கரி கலந்த டின் தூளில் காபியின் பங்கு குறைவு, சர்க்கரைப் பொருளும் சேர்ந்திருக்கும். அதைக் குடிப்பதற்கே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்குப் பின் ஒருமுறை பாருங்கள். தேவைப்பட்டால் இரவு முழுவதும் விடலாம். வெளியே எடுத்ததும் தேய்க்காமல் நீரில் அலசி, காகிதத் துணியால் ஒற்றி எடுத்து, உடனே எண்ணெய் தடவி ஒரு நாள் வைத்திருங்கள். புதிதாக வந்த கருந்தோல் மென்மையானது. அதே நாளில் தேய்த்தால் உரிந்துவிடும்.

10. மேடுகளைத் துலக்குதல்

2000 கிரிட் தாளைக் கடினமான தட்டைத் துண்டில் சுற்றி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, நீளவாக்கில் மூன்று நான்கு இழுப்பு மட்டும் இழுங்கள். மேடாக நிற்கும் நிக்கல் அடுக்குகள் வெள்ளியாகத் துலங்கும், பள்ளத்தின் கறுப்பு தொடப்படாமல் இருக்கும். தாளுக்குப் பின்னால் ரப்பரோ விரலோ இருந்தால் பள்ளமும் தேய்ந்து, ஓர் இரவின் வேலை ஒரு நிமிடத்தில் போகும்.

இதன்பின் கைப்பிடியை ஒட்டி, கடைசியாகக் கூர் தீட்டுங்கள்.

11. அடிக்கடி கேட்கப்படும் கோளாறுகள்

அலகு முழுவதும் ஒரே சாம்பல் நிறம்: எஃகு இணை தவறு, அல்லது அலகைக் கடினப்படுத்தவில்லை, அல்லது கரைசல் மிகச் செறிவு. இந்த வரிசையிலேயே சந்தேகப்படுங்கள்.

ஒரு பகுதி மட்டும் வெளிறியிருத்தல்: கார்பன் இழந்த தோல் மிஞ்சியிருக்கிறது. சாணையில் எடுப்பதைத் தவிர வேறு மருந்து இல்லை.

அடுக்குகளோடு ஒட்டி ஓடும் மெல்லிய கறுங்கோடு, துடைத்த பின்னும் அதிலிருந்து ஈரம் கசிதல்: அடுக்குகள் பற்றவில்லை. இதை அரிப்பால் மறைக்க முடியாது, அந்தக் கத்தியை யாருக்கும் விற்கவும் கூடாது.

ஓரிரு நாளில் பழுப்புத் துரு: சோடா ஊறல் போதவில்லை. திரும்ப ஊறவைத்து எண்ணெய் தடவுங்கள்.

12. கடலோரப் பராமரிப்பும் கரைசலைக் கையாளுதலும்

டர்பனின் உப்புக் காற்றில் எண்ணெயில்லாத அலகு ஒரே இரவில் துருப்பிடிக்கும். சமையல் கத்திக்கு மினரல் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் நாளடைவில் சிக்குப்பிடிப்பதால் அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. தோல் உறைக்குள் வைத்துக் கிடத்தாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். புளி, எலுமிச்சை, ஊறுகாய் ஆகியவற்றை வெட்டும் கத்தியும், வினிகரிலும் உப்பிலும் ஊறிய பில்டாங் (உலர்த்திய இறைச்சி) சீவும் கத்தியும் நிறம் மாறவே செய்யும் என்பதை வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கரைசலை இறுக மூடி, பட்டறைக்கு வெளியே நிழலில், குழந்தைகள் எட்டாத இடத்தில் வையுங்கள். மூடாமல் வைத்தால் அதன் ஆவி அருகிலுள்ள டிரில், வைஸ், அரம் எல்லாவற்றிலும் துருவைக் கொண்டுவரும். ஒரே கரைசலைப் பல அலகுகளுக்குப் பயன்படுத்தலாம். அரிக்கும் நேரம் இரட்டிப்பாகும்போது மாற்றுங்கள்.

பழையதைச் சாக்கடையிலோ தோட்டத்திலோ கொட்டக் கூடாது. அகன்ற பிளாஸ்டிக் வாளியில் வைத்து, நுரைப்பது நிற்கும் வரை சோடாவைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். பழுப்புச் சேறு அடியில் படியும். அதையும் மேலே நிற்கும் நீரையும் மூடியுள்ள பிளாஸ்டிக் கேனில் ஊற்றி, உள்ளே இருப்பது என்ன என்று எழுதி ஒட்டி, அபாயகரமான கழிவை ஏற்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.